சட்டம் ஏட்டில் ஏறிவிட்டது, ஆற்றில் இறங்கியதா?

#1 கட்டக்காரன்

சில மாதங்களாக எனக்கு ஒரே வேலை. இடது பக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல் சட்டத்தில் உள்ள ஒவ்வொரு பிரிவையும் எழுத வேண்டும். வலது பக்கம், அந்தப் பிரிவை ஒரு நாடு தன் சொந்தச் சட்டத்தில் எங்கே சேர்த்திருக்கிறது என்று எழுத வேண்டும். சேர்த்திருந்தால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், சேர்க்கவே இல்லை என்றால் சிவப்பு. இதற்கு ஒப்பீட்டு அட்டவணை என்று பெயர்.

போன வாரம் கழிவுநீர்ச் சட்டத்துக்கான அட்டவணையை முடித்தேன். ஒரு நாட்டுக்கு மேலிருந்து கீழ்வரை பச்சை. மகிழ்ச்சியாக அனுப்பிவிட்டு, அதே நாட்டின் கழிவுநீர்த் தரவைத் தற்செயலாகத் திறந்து பார்த்தேன். பல ஊர்களின் சாக்கடை சுத்திகரிப்பு ஏதுமில்லாமல் நேராக ஆற்றில் போய்க் கலக்கிறது. என் அட்டவணையில் பச்சை, ஆற்றில் கறுப்பு. மேலே இருப்பவர்களிடம் சொன்னேன். "அது நம் அட்டவணையின் வேலை இல்லை" என்று பதில் வந்தது.

பல நாடுகள் சேர்ந்து எழுதிய ஒரு சட்டத்தை ஒரு நாடு நடைமுறைப்படுத்துகிறது என்றால் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம்? சட்டப் புத்தகத்தையா, அதிகாரி கொடுக்கும் அனுமதியையா, தண்ணீரையா? இந்தத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

#2 சட்டப்பூச்சி

உங்கள் மேலதிகாரி சொன்னது பாதி சரி, கட்டக்காரரே. அட்டவணையின் வேலை அது இல்லைதான். ஆனால் யாருடைய வேலை என்று அவர் சொல்லவில்லையே!

முதலில் அடிப்படை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரெகுலேஷன் என்ற வகைச் சட்டம் எல்லா உறுப்பு நாடுகளிலும் நேராகவே செல்லும். மறுபடி யாரும் எழுத வேண்டியதில்லை. டைரக்டிவ் அப்படி இல்லை. "இந்த விளைவு வந்தாக வேண்டும், எப்படிக் கொண்டுவருவது என்பது உன் பாடு" என்று சொல்லும் வகை அது. ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் 288-ஆம் பிரிவு சொல்வதும் இதுதான். சூழல் சட்டங்களில் பெரும்பாலானவை டைரக்டிவ்கள். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு, பெரும்பாலும் இரண்டு ஆண்டு. 2024-இல் வந்த புதிய காற்றுத்தர டைரக்டிவை நாடுகள் 2026 டிசம்பர் 11-க்குள் தங்கள் சட்டமாக்க வேண்டும்.

கெடு முடிந்ததும் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பார்ப்பது முதலில் தேதியை. சட்டமாக்கிவிட்டோம் என்று நாடு தெரிவித்ததா? அடுத்து, எல்லாப் பிரிவுகளும் வந்துவிட்டனவா? இந்த இரண்டும் எளிது. சேர்த்திருப்பது சரியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும்போதுதான் கண் வலிக்கும். டைரக்டிவில் "செய்ய வேண்டும்" என்று இருப்பது உள்நாட்டுச் சட்டத்தில் "செய்யலாம்" என்று வந்திருக்கும். அட்டவணையில் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கும், பச்சையும் அடித்திருப்பார்கள். ஒரே ஒரு விகுதியில் மொத்தக் கடமையும் கரைந்து போயிருக்கும்.

இத்தனைக்கும் அந்த அட்டவணையைக் கொடுக்கவே பல நாடுகள் விரும்புவதில்லை. 2011-இல் ஒரு கூட்டுப் பிரகடனம் போட்டு, காரணம் காட்டிக் கேட்கும் இடங்களில் விளக்க ஆவணம் தருவோம் என்ற அளவுக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

#3 தூறல்

இந்தத் துறைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, இழை சுவாரசியமாக இருப்பதால் கேட்கிறேன். "நான் சட்டத்தைச் சரியாகப் பின்பற்றுகிறேன்" என்று அந்த நாடே எழுதிக் கொடுக்கிறது, அதை வைத்து அந்த நாட்டுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அப்படித்தானே? விடைத்தாளைத் தானே திருத்துவது மாதிரி இருக்கிறதே.

#4 சட்டப்பூச்சி

ஏறக்குறைய அப்படித்தான், தூறல். ஆனால் வேறு ஒரு வாசலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஐரோப்பிய ஆணையத்துக்குப் புகார் எழுதலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆணையம் புகாரை எடுத்துக்கொண்டால் முதலில் அந்த நாட்டுக்கு நோட்டீஸ் போகும். பதில் திருப்தி தராவிட்டால் காரணங்களோடு ஒரு கருத்துரை. அதற்கும் அசையாவிட்டால் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம். இது நான் முன்பு சொன்ன அதே செயல்பாட்டு ஒப்பந்தத்தின் 258-ஆம் பிரிவு. தீர்ப்பு வந்தபிறகும் நாடு சும்மா இருந்தால் 260-ஆம் பிரிவின்படி இரண்டாம் வழக்கு, அதில்தான் அபராதம். ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு விதிவிலக்கு வந்தது. டைரக்டிவைச் சட்டமாக்கியதைத் தெரிவிக்கவே இல்லை என்றால் முதல் வழக்கிலேயே அபராதம் போடலாம்.

பெரும்பாலான விவகாரங்கள் நீதிமன்றம்வரை போவதில்லை, நோட்டீஸிலேயே வழிக்கு வந்துவிடும்.

இப்படி அபராதம்வரை போன முதல் வழக்கே ஒரு குப்பைமேட்டைப் பற்றியதுதான். கிரீஸ் நாட்டின் கிரீட் தீவு, ஹானியா பகுதியில் குருப்பிடோஸ் ஆற்றின் வாயிலேயே குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 1987-இல் புகார் போனது. 1992-இல் கிரீஸ் தவறு செய்கிறது என்று தீர்ப்பு வந்தது. அப்புறமும் கொட்டினார்கள். 2000 ஜூலை 4 அன்று இரண்டாம் தீர்ப்பு: சரிசெய்யும் நாள்வரை நாளொன்றுக்கு 20,000 யூரோ. ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு நாட்டுக்கு அபராதம் விதித்தது அதுவே முதல் தடவை.

கிரீஸின் சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் குப்பைமேடு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

#5 முணுமுணுப்பு

1987-இல் புகார், 2000-இல் அபராதம். 13 வருடம். அந்த ஊரில் புகார் கொடுத்த அன்று பிறந்த குழந்தை மீசை முளைக்கிற வயதுக்கு வந்திருக்கும். இதை வெற்றிக் கதை என்று சொல்லாதீர்கள்.

#6 நீர்க்கோலம்

நான் தண்ணீர்த் தரவு பக்கம் வேலை பார்த்தவள். அபராதம் எவ்வளவு என்பதைவிட அதை எதோடு முடிச்சுப் போட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2003-இல் ஸ்பெயின் வழக்கு. நாட்டின் உள்நாட்டுக் குளிக்கும் நீர்நிலைகள் தரத்துக்கு வரவில்லை. நீதிமன்றம் போட்ட கணக்கு: தரம் தவறிய நீர்நிலைகளில் ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் ஆண்டுக்கு 6,24,150 யூரோ. அதாவது சில நீர்நிலைகளைச் சுத்தம் செய்தால் அபராதம் அந்த அளவுக்குக் குறையும்.

2014-இல் இத்தாலியின் சட்டவிரோதக் குப்பைமேடுகள் வழக்கு இன்னும் துல்லியம். மொத்தமாக 4 கோடி யூரோ. அதற்குமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 4 கோடியே 28 லட்சம். இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆபத்தான கழிவு உள்ள இடம் ஒவ்வொன்றுக்கும் 4 லட்சம், மற்ற இடம் ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம். 14 ஆபத்தான இடங்களுக்கு 56 லட்சம், மீதி 186 இடங்களுக்கு 3 கோடியே 72 லட்சம். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். ஓர் இடத்தைச் சரிசெய்து சான்று காட்டினால் அந்த இடத்துக்கான தொகை அடுத்த தவணையில் கழியும். இப்படித் தீர்ப்பு எழுதினால் தீர்ப்பே கண்காணிப்பு அட்டவணை ஆகிவிடுகிறது. கட்டக்காரரின் அட்டவணையில் இல்லாத பத்தி இதுதான்.

அப்புறம், இந்தச் சட்டங்களை எழுதும் ஊரான பிரஸ்ஸல்ஸின் சாக்கடைக்கே வெகுகாலம் சுத்திகரிப்பு இல்லை. முதல் நிலையம் 2000-இல் வந்தது, பெரிய வடக்கு நிலையம் 2007-இல். கழிவுநீர் டைரக்டிவ் வந்ததோ 1991-இல். ஆணையத்தின் அலுவலகத்தில் கைகழுவிய தண்ணீரும் அந்த ஊரின் சென் ஆற்றுக்குத்தான் போயிருக்கும். 2013-இல் பெல்ஜியத்துக்கும் 1 கோடி யூரோ அபராதம் விழுந்தது, நாட்டில் பல ஊர்களுக்குக் கழிவுநீர் ஏற்பாடு முடியவில்லை என்று.

#7 முணுமுணுப்பு

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, நீர்க்கோலம். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டுவது யார்? அமைச்சர் வீட்டிலிருந்தா போகிறது? வரி கட்டுபவன் பணம் ஒன்றியத்தின் கஜானாவுக்குப் போகிறது, ஆற்றுக்கு ஒரு காசு வருவதில்லை.

அயர்லாந்தில் டெர்ரிபிரையன் என்ற இடத்தைப் பாருங்கள். மலைச் சதுப்பு நிலத்தில் காற்றாலை கட்டினார்கள். கட்டும்போதே, 2003 அக்டோபரில், பெரிய நிலச்சரிவு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு முறையாகச் செய்யாமலே அனுமதி கொடுத்திருந்தார்கள். 2008-இல் தீர்ப்பு. அதன்பிறகும் மதிப்பீடு நடக்கவில்லை. 2019-இல் 50 லட்சம் யூரோ மொத்தமாக, மேலும் நாளொன்றுக்கு 15,000. 2022-இல் காற்றாலையை மூடப்போவதாக அறிவிக்கும்வரை ஓடிய மீட்டர் 1 கோடியே 70 லட்சத்தைத் தாண்டியது. ஒரு மதிப்பீட்டு அறிக்கைக்கு இதில் எத்தனை பங்கு செலவாகியிருக்கும்?

போலந்தின் துருவ் நிலக்கரிச் சுரங்கம் இன்னொன்று. செக் நாடு வழக்குப் போட்டது. சுரங்கத்தை நிறுத்து என்று 2021 மே மாதம் இடைக்கால உத்தரவு. நிறுத்தவில்லை. செப்டம்பரில் நாளொன்றுக்கு 5 லட்சம் யூரோ என்றார்கள். கட்ட மாட்டோம் என்றது போலந்து. கடைசியில் ஆணையம் போலந்துக்குப் போகவேண்டிய நிதியிலேயே சுமார் 6 கோடியே 85 லட்சத்தைக் கழித்துக்கொண்டது. 2022 பிப்ரவரியில் இரண்டு நாடுகளும் சமரசம் செய்துகொண்டன. சுரங்கம் அன்றும் ஓடியது, அதற்குப் பிறகும் ஓடியது.

#8 நீர்க்கோலம்

அதே போலந்தில் பியலோவீஷா காட்டை ஏன் விட்டுவிட்டீர்கள், முணுமுணுப்பு அண்ணே? பழமையான காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 2017 நவம்பரில், வெட்டுவதைத் தொடர்ந்தால் நாளொன்றுக்குக் குறைந்தது 1 லட்சம் யூரோ என்று நீதிமன்றம் எச்சரித்தது. வெட்டும் இயந்திரங்கள் காட்டைவிட்டு வெளியே வந்தன. 2018 ஏப்ரலில் இறுதித் தீர்ப்பும் போலந்துக்கு எதிராகவே வந்தது. அபராதம் வசூலிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வெட்டிய மரத்தை ஒட்ட வைக்க முடியாது. அதனால் வெட்டுவதற்கு முன்பு வருகிற எச்சரிக்கைக்கும், கொட்டி முடித்தபிறகு வருகிற பில்லுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

#9 முணுமுணுப்பு

சரி, அந்தக் காட்டை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். துருவ் என்னிடமே இருக்கட்டும்.

#10 தூறல்

ஐரோப்பாவில் நீதிமன்றம் இருக்கிறது, நிதி இருக்கிறது, கழித்துக்கொள்ளவாவது முடிகிறது. உலகம் முழுக்கச் செல்லும் ஒப்பந்தங்களில்? அங்கே யார் யாரைக் கேட்பது?

#11 வான்நோக்கி

தூறலின் கேள்விக்கு ஒரு கதை சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்பாடு, 1987. 198 தரப்புகள் சேர்ந்திருக்கின்றன, விடுபட்ட நாடு இல்லை. 7-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் எவ்வளவு உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி என்று எண்களை அனுப்ப வேண்டும். 10 நாடுகள் கொண்ட நடைமுறைக் குழு அதைப் பார்க்கிறது. எண் தவறினால் அந்த நாட்டைக் கூப்பிட்டு, எப்போது சரியாகும், என்ன உதவி வேண்டும் என்று திட்டம் போட்டுத் தருவார்கள். உதவிக்குப் பலதரப்பு நிதி ஒன்றும் உண்டு. இது நன்றாகவே வேலை செய்த ஏற்பாடு. ஆனால் தூறல் சொன்ன விடைத்தாள் பிரச்சினை இங்கேயும் இருந்தது. எண்களை அனுப்புவது நாடுகளேதான்.

ஓசோனை அரிக்கும் சிஎஃப்சி-11 என்ற வாயுவின் உற்பத்தி 2010-இல் உலகம் முழுக்க நின்றிருக்க வேண்டும். நாடுகள் அனுப்பிய காகிதத்தில் நின்றும் விட்டது. ஆனால் காற்றில் அதன் அளவு குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை. 2012-க்குப் பிறகு குறையும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. 2018 மே மாதம் வெளிவந்த ஆய்வு இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. பழைய குளிர்பெட்டிகளும் கட்டட நுரைகளும் கசிவதாக இருக்கலாம் என்று பார்த்தார்கள், கணக்கு ஒத்துவரவில்லை. ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் புதிதாக வந்துகொண்டிருந்தது. வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் அளவில் இருந்த வித்தியாசம், மூலம் வடக்கே என்று காட்டியது.

அடுத்த ஆண்டு இன்னும் நெருங்கிவிட்டார்கள். கொரியாவின் ஜேஜூ தீவில் கோசான் என்ற நிலையமும், ஜப்பானின் ஹாதெருமா தீவில் ஒரு நிலையமும் காற்றை அளந்துகொண்டே இருக்கின்றன. காற்று எந்தத் திசையிலிருந்து வரும்போது அளவு ஏறுகிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். கிழக்குச் சீனாவில் ஷான்டாங், ஹெபெய் மாகாணங்களைச் சுற்றிய பகுதிக்கு விரல் நீண்டது. உலக அளவில் கூடியதில் குறைந்தது 40 முதல் 60 சதவீதம் அங்கிருந்து. நுரைப் பொருள் செய்யும் தொழிற்கூடங்கள் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவதை ஒரு தொண்டு நிறுவனம் தனியாகப் போய் விசாரித்தும் எழுதியது. சீன அரசு சோதனைகளை முடுக்கியது. 2021-இல் வந்த ஆய்வுகளின்படி 2019-க்குள் உமிழ்வு மறுபடி சரிந்துவிட்டது.

யாருக்கும் அபராதம் இல்லை. ஆனால் பொய் தங்கவில்லை, ஏனென்றால் காற்று யார் நாட்டுப் படிவத்தையும் பார்த்து வீசுவதில்லை. இதில் எல்லோரும் மறக்கும் விஷயம் ஒன்று: மீதி எங்கிருந்து வந்தது என்று அளவு நிலையங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கங்களில் போதுமான நிலையங்களே இல்லை.

#12 கட்டக்காரன்

வான்நோக்கி, இதைப் படித்துவிட்டு என் அட்டவணையைத் திறக்கவே கை வரவில்லை. நன்றி (கோபத்தோடு).

#13 பழைய நிருபர்

காலநிலை மாநாடுகளின் நடைக்கூடங்களில் நிறைய காபி குடித்தவன் என்ற முறையில் கியோட்டோ, பாரிஸ் பக்கம் கொஞ்சம்.

வளர்ந்த நாடுகள் தங்கள் உமிழ்வைக் குறைக்க ஒத்துக்கொண்ட கியோட்டோ உடன்பாட்டில் பல் இருந்தது. நாடுகள் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்க்கும் இணங்கல் குழுவுக்குள் அமலாக்கப் பிரிவு என்றே ஒன்று. 2008-இல் கிரீஸின் உமிழ்வுக் கணக்கு முறை சரியில்லை என்று அந்த நாட்டைக் கார்பன் வர்த்தகத்திலிருந்து, அதாவது உமிழும் உரிமையை நாடுகள் வாங்கி விற்கும் ஏற்பாட்டிலிருந்து, நிறுத்தி வைத்தார்கள். கிரீஸ் கணக்கைச் சீர்செய்துவிட்டு அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பி வந்தது. பின்னால் குரோஷியா, பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், லிதுவேனியா ஆகியவையும் மாட்டின. உமிழ்ந்தது அதிகம் என்பதற்காக நிறுத்தியது குறைவு, கணக்கெழுதும் முறையும் அதற்கான ஏற்பாடும் சரியில்லை என்பதற்காகத்தான் பெரும்பாலும். அது ஒருவகையில் புத்திசாலித்தனம். கணக்கே தப்பு என்றால் மேலே பேச என்ன இருக்கிறது?

ஆனால் பெரிய மீன் வலையைக் கிழித்தது. 1990 அளவிலிருந்து 6 சதவீதம் குறைப்பதாகச் சொன்ன கனடா அதற்குக் கிட்டவே வரவில்லை. தவறினால் மிச்சத்தை 1.3 மடங்காக அடுத்த சுற்றில் ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. 2011 டிசம்பரில் விலகுவதாக அறிவித்தது, ஓராண்டில் விலகியும்விட்டது. தேர்வுக்கு முதல் நாள் பள்ளியை விட்டு நின்ற மாணவன் மாதிரி.

அந்தச் சூட்டில்தான் பாரிஸ் உடன்பாட்டின் 15-ஆம் பிரிவை எழுதினார்கள். 12 பேர் கொண்ட குழு. மோதல் கூடாது, தண்டனை கூடாது, உதவிதான் செய்யலாம். இலக்கை எட்டியே ஆக வேண்டும் என்ற சட்டக் கடமையும் இல்லை. திட்டத்தைத் தயாரித்து அனுப்புவதும் அறிக்கை கொடுப்பதும்தான் கடமை. 13-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படைத்தன்மை அறிக்கை. முதல் அறிக்கைக்கான கெடு 2024 டிசம்பர் 31. சிறு தீவு நாடுகளுக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் மட்டும் சலுகை. வரும் அறிக்கையை வெளி நிபுணர்கள் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், மற்ற நாடுகளும் கேட்கலாம். அவ்வளவுதான் ஆயுதம்.

#14 முணுமுணுப்பு

பல் இருந்தால் ஆள் ஓடுகிறார். பல் இல்லாவிட்டால் ஆள் இருக்கிறார், கேட்பதில்லை. நல்ல ஏற்பாடு.

#15 பழைய நிருபர்

பல் இல்லாவிட்டாலும் ஓடுகிறார்கள், முணுமுணுப்பு. அமெரிக்கா 2020-இல் பாரிஸிலிருந்து வெளியேறி, 2021-இல் திரும்பி, 2025 ஜனவரியில் மறுபடி வெளியேற அறிவிப்புக் கொடுத்தது. ஆகவே பல்லை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். சர்வதேசக் குழு கேட்காததை உள்நாட்டு நீதிமன்றம் கேட்கிறது. நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில், 2020-க்குள் 1990 அளவிலிருந்து குறைந்தது 25 சதவீதம் குறைத்தே ஆக வேண்டும் என்று தன் அரசுக்கே உத்தரவிட்டது. பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் காற்று மாசுக்காகத் தன் அரசுக்கே 1 கோடி யூரோ அபராதம் போட்டது. அதை எல்லோருக்கும் பொதுவான கஜானாவில் போடாமல் காற்றுத் துறையில் வேலை செய்யும் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. உங்கள் "ஆற்றுக்கு ஒரு காசு வருவதில்லை" புகாருக்கு யாரோ காது கொடுத்திருக்கிறார்கள்.

#16 சட்டப்பூச்சி

அபராதம் போடும் நீதிமன்றத்துக்கும் பல் இல்லாத ஒப்பந்தத்துக்கும் நடுவே இருக்கும் ஏற்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன்.

அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் ஒப்பந்தம் 1992 முதல் ஒவ்வொரு நாட்டின் சட்டத்தையும் படித்து மூன்று வகையாகப் பிரிக்கிறது. கட்டக்காரரின் பச்சை, மஞ்சள், சிவப்பு மாதிரியேதான். ஆனால் மோசமான வகையில் சும்மா கிடந்தால் அந்த நாட்டோடு இந்த உயிரின வணிகத்தை நிறுத்தி வையுங்கள் என்று மற்ற நாடுகளுக்குப் பரிந்துரை போகும். காசு வரும் வழி அடைபடும் என்பதால் சட்டம் வேகமாக வருகிறது. வருவது சட்டம்தான், துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வியன்னாவில் செயலகம் வைத்திருக்கும் எரிசக்திச் சமூகம் இன்னொரு மாதிரி. ஒன்றியத்தில் சேராத மேற்கு பால்கன் நாடுகள், உக்ரைன், மால்டோவா, ஜார்ஜியா ஆகியவை ஒன்றியத்தின் எரிசக்தி, சூழல் சட்டங்களில் சிலவற்றைத் தங்கள் சட்டமாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. செயலகம் ஆண்டுதோறும் நாடு நாடாக நடைமுறை அறிக்கை வெளியிடுகிறது. பெரிய அனல் நிலையங்களின் புகைக்கான வரம்பு 2018 ஜனவரி 1 முதல் அங்கே அமலில் இருக்கிறது. போஸ்னியா, செர்பியா, வடக்கு மாசிடோனியாவின் பழைய நிலக்கரி நிலையங்கள் கந்தக டை ஆக்சைடை அந்த வரம்புக்குப் பல மடங்கு மேலே விட்டன. வரம்பைத் தாங்களே திட்டமாக எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள். செயலகம் வழக்கு நடவடிக்கை தொடங்கியது. ஆனால் அங்கே பண அபராதம் கிடையாது. அமைச்சர்கள் குழு மீறல் என்று முடிவு எடுக்கலாம், மிஞ்சிப்போனால் சில உரிமைகளை நிறுத்தி வைக்கலாம். அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களில் அதே நாடுகளின் அமைச்சர்களும் உண்டு.

கட்டக்காரரே, நீங்கள் இந்த வகை நாடுகளுக்கான அட்டவணைதான் போடுகிறீர்கள் என்று ஒரு சந்தேகம்.

#17 கட்டக்காரன்

பூச்சி சார், அதற்கு நான் பதில் சொல்லமாட்டேன் :)

சரி, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அட்டவணையில் இரண்டு பத்தி கூட்டப் போகிறேன். முதல் பத்தியில் சட்டம் ஏட்டில் இருக்கிறதா. இரண்டாவதில் அதை நடத்த ஆளும் அதிகாரமும் பணமும் இருக்கிறதா, அதாவது ஆய்வாளர் எத்தனை பேர், கடந்த ஆண்டு எத்தனை ஆலைக்குப் போனார்கள், அனுமதி எத்தனை, ரத்து எத்தனை. மூன்றாவதில் அளவு: தண்ணீரில், காற்றில், மண்ணில் என்ன தெரிகிறது. மூன்றாவது பத்திக்குத் தரவு எடுக்கும்போது எதில் ஏமாறுவேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

#18 நீர்க்கோலம்

அளவுக் கருவியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதில் ஏமாறுவீர்கள். பூங்காவுக்குள் கருவியை வைத்தால் எந்த நகரத்தின் காற்றும் நல்ல காற்றுதான்.

இது கற்பனை இல்லை, வழக்காகவே வந்திருக்கிறது. பிரஸ்ஸல்ஸ்வாசிகள் சிலர், மாசு அதிகம் உள்ள சாலைகளில் கருவி வைக்கவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூன் 26 அன்று இரண்டு விஷயம் சொன்னது. கருவியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் ஆராயலாம், குடிமக்கள் அதைக் கேட்கலாம். அடுத்து, ஒரே ஒரு இடத்தில் வரம்பு மீறினாலும் மீறல்தான். எல்லாக் கருவிகளின் சராசரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. அதனால் உங்கள் பத்தியில் நாட்டின் சராசரி எண்ணைப் போட்டுவிடாதீர்கள். மோசமான இடத்தின் எண்ணையும், மொத்தம் எத்தனை இடத்தில் அளந்தார்கள் என்பதையும் போடுங்கள்.

தண்ணீரிலும் இதே கதைதான். மாதிரி எடுத்த மாதத்தைக் கேளுங்கள். வெள்ளம் ஓடும் மாதத்தில் எடுத்தால் எல்லாம் கரைந்திருக்கும்.

#19 வான்நோக்கி

முடிந்த இடத்தில் செயற்கைக்கோளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி சுமக்கும் கருவி நைட்ரஜன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகியவற்றை நாடு பார்க்காமல் அளக்கிறது. ஐநா சூழல் திட்டம் 2022-இல் தொடங்கிய மீத்தேன் எச்சரிக்கை ஏற்பாடு, பெரிய கசிவு தெரிந்தால் சம்பந்தப்பட்ட அரசுக்கும் நிறுவனத்துக்கும் தகவல் கொடுக்கிறது. மேகம் மூடினால் தெரியாது, சின்னக் கசிவும் தெரியாது. ஆகவே இதை வைத்துப் பச்சை அடிக்காதீர்கள், சிவப்பு மட்டும் அடிக்கலாம்.

#20 தூறல்

இத்தனை கஷ்டப்பட்டு இதையெல்லாம் கண்காணிக்கத்தான் வேண்டுமா என்று என் வீட்டில் ஒருவர் கேட்கிறார். செலவுக் கணக்கு ஏதாவது இருக்கிறதா?

#21 பழைய நிருபர்

ஐரோப்பிய ஆணையம் 2016-இல் தொடங்கிய சூழல் நடைமுறை மீளாய்வில் நாடு நாடாக அறிக்கை வருகிறது: 2017, 2019, 2022, 2025. இருக்கிற சூழல் சட்டங்களை நடைமுறைப்படுத்தாததால் ஒன்றியத்துக்கு ஆகும் நஷ்டம் ஆண்டுக்கு 5,500 கோடி யூரோ என்று 2019 மதிப்பீடு சொன்னது. 2025-இல் அந்த எண் 18,000 கோடி. நோய், வீணாகும் தண்ணீர், இழந்த இயற்கை எல்லாம் சேர்த்து.

#22 முணுமுணுப்பு

ஆறு வருடத்தில் மூன்று மடங்கா? நாடுகள் மூன்று மடங்கு கெட்டுப்போயினவா, கணக்குப் போடும் முறை மாறியதா? இப்படிப்பட்ட எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு இழுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

#23 பழைய நிருபர்

நியாயம். கோடு இழுக்கக் கூடாது. எதையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள் என்பதும், எந்த முறையில் என்பதும் மாறினால் இரண்டும் வேறு வேறு எண்கள். வீட்டில் இருப்பவரிடம் "பல ஆயிரம் கோடி" என்று மட்டும் சொல்லுங்கள், தூறல்.

#24 கட்டக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மூன்று பத்தியோடு ஒரே ஒரு நாட்டுக்கு, ஒரே ஒரு சட்டத்துக்கு மட்டும் மாதிரி செய்து பார்த்தேன். முதல் பத்தி பழையபடி பச்சை. இரண்டாவது பத்திக்கு ஆய்வாளர் எண்ணிக்கை ஓர் ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் கிடைத்தது. எத்தனை ஆலைக்குப் போனார்கள் என்பது எங்கேயும் இல்லை. மூன்றாவது பத்தியில் அளந்த இடங்களை நீர்க்கோலம் சொன்னபடி வரைபடத்தில் குறித்தேன். ஆலைகள் இருக்கும் ஆற்றுப் பகுதிக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை.

தரவு இல்லாத கட்டத்துக்கு என்ன நிறம் போடுவது என்று தெரியாமல் சாம்பல் அடித்தேன். மேலே அனுப்பினேன். "இத்தனை சாம்பல் அச்சில் சரியாகத் தெரியாதே, வேறு நிறம் பாருங்கள்" என்று பதில் வந்திருக்கிறது.

#25 நீர்க்கோலம்

மாற்றாதீர்கள். அச்சகத்தில் நான் பேசுகிறேன்.

#26 முணுமுணுப்பு

சாம்பல் கட்டத்துக்குள் கடைசியாகக் கேட்ட தேதியையும், யாரிடம் கேட்டோம் என்பதையும் எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டும் அதே தேதி இருந்தால் அப்போது சிவப்பு அடிக்கலாம்.

#27 கட்டக்காரன்

தேதி எழுத ஆரம்பித்துவிட்டேன். இரண்டாம் பத்தியில் மூன்று கட்டம் முடிந்தது.